ஒலிக்குளியலா, ஒலித்தோய்வா?

அண்ணைக்கு வணக்கம். கண்ணை மூடிப் படுத்திருந்து கருவிகளின் நாதத்தைக் கேட்டு ஆறுகிற 'sound bath' நிகழ்வுக்கு நம் சொற்குழு தமிழ்ப் பெயர் தேடுகிறதல்லவா?

"சூரியக் குளியல் என்று எழுதுகிறோமே, ஒலிக்குளியல் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் குறையாது, பொருள் விளங்கும். ஆனால் போன சனிக்கிழமை கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் நடந்ததற்கு நானும் போய்ப் படுத்துக் கிடந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை.

பாய் விரித்து எல்லோரும் கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தோம். தலைமாட்டில் ஐந்தாறு வெண்கலக் கிண்ணங்கள், திருவெம்பாவைக் காலத்து விடியலை ஞாபகப்படுத்தும் ஒரு சேமக்கலம், பக்கத்தில் மின்னால் ஒலி எழுப்பும் ஒரு சிந்தசைசர். தோல் சுற்றிய கட்டையால் கிண்ணத்தின் விளிம்பை உரசிச் சுற்றச் சுற்ற, எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் நாதம் எழும்புகிறது. சிந்தசைசர் தம்புரா மாதிரி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. கிண்ணம் 220 ஹேர்ட்ஸ், சிந்தசைசர் 223 ஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு 3 அடிப்பு, அதாவது ஒலி மூன்று தரம் ஏறி இறங்கும். உயர்தர வகுப்பில் சுரமானிக் (sonometer) கம்பியோடு மல்லுக்கட்டிக் கேட்டோமே, அதே அடிப்புத்தான். அந்த ஏற்ற இறக்கம் ஆளைத் தாலாட்டுகிறது. சிந்தசைசரில் திருகை மயிரிழை திருப்பினால் அடிப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். வெண்கலத்தின் மீடிறனை (அதிர்வெண்ணை) அப்படி மாற்ற ஏலாது.

நடுவில் மின்சாரம் போய்விட்டது. ஒலிபெருக்கி சட்டென்று அடங்க, சேமக்கலத்தின் ரீங்காரம் மட்டும் நீண்டு, தேய்ந்து, எப்போது நின்றது என்று பிடிபடாமல் நின்றது. பக்கத்துப் பாயில் கிடந்த அம்மா ஒருவர் மெதுவாக எழும்பிச் சொன்னார்: "நல்லாத் தோய்ஞ்சிட்டு வந்த மாதிரிக் கிடக்கு."

அதுதான் என் முன்மொழிவு: ஒலித்தோய்வு. தலையில் வார்த்துக் குளிப்பதை நாங்கள் தோய்தல் என்றுதானே சொல்கிறோம்? குளிப்பதென்றால் வாளியைத் தூக்கி நாமே ஊற்ற வேண்டும். துணி நீரில் தோயும்போது அது ஒன்றும் செய்வதில்லை, சும்மா ஊறுகிறது. விறாந்தையில் நாங்கள் கிடந்ததும் அப்படித்தான். 149ஆம் குறளின் 'தோள்தோயாதார்' என்பதிலும் நெருங்கிப் படிதல் என்ற பொருள் இருக்கிறது.

குழுவில் வந்த மற்றச் சொற்களையும் பார்த்தேன். 'ஒலிமுழுக்கு' காதுக்கு இனிமை, ஆனால் முழுக்குப் போடுவதென்றால் கைகழுவுவது. அதோடு, கர்ப்பிணிகளுக்கென்று யாராவது வகுப்பு வைத்தால் 'முழுகாமல் இருப்பவர்கள் முழுக வரலாம்' என்றல்லவா விளம்பரம் போட வேண்டிவரும்! 'பரிவொலி' அழகு. பரிவு நம் பௌதிகப் புத்தகத்தில் வேறொன்றுக்கு (resonance) போய்விட்டது, விடுங்கள். 'ஒலி மருத்துவம்' கட்டாயம் வேண்டாம். படுத்து ஆறுகிற காரியத்துக்கு மருத்துவம் என்று பேர் வைத்தால் நாளைக்கு நோய் தீரும் என்று சொல்லிக் காசு வாங்குவார்கள்.

அடுத்த சிக்கல், மின் இல்லாத கருவிக்கு என்ன பெயர்? முதலில் 'மின்சாராக் கருவி' என்று எழுதினேன். மகள் தட்டச்சுச் செய்தபோது ஒரு கால் விடுபட்டு 'மின்சாரக் கருவி' ஆகிவிட்டது. பொருள் அப்படியே தலைகீழ்! ஆகவே இயல்கருவி என்போம். மற்றது இலத்திரனியல் கருவி. தமிழகத்து நண்பர்கள் மின்னணு என்று எழுதிக்கொள்ளட்டும், அதில் சண்டை இல்லை. இரண்டும் கலந்த நிகழ்வுக்கு வேறு அடைமொழி தேவையா? துருத்தி போய் இலத்திரனியல் சில்லு வந்த பிறகும் சுருதிப்பெட்டி சுருதிப்பெட்டியாகத்தான் இருக்கிறது. ஒலித்தோய்வும் அப்படியே இருக்கலாம்.

— கொக்குவிலிலிருந்து

---

தம்பி,

சொல் நல்லது, ஆனால் வு-வில் எனக்குப் பயம். உனக்கு ஒரு கால் விடுபட்டது, இங்கே இரட்டைக்கொம்பு ஒற்றைக்கொம்பானால் 'ஒலித்தொய்வு'! ஒலி தொய்ந்துபோனது என்று படிப்பார்கள். 'ஒலித்தோயல்' என்றால் அந்த ஆபத்து இல்லை. கொம்பு மாறினாலும் 'தொயல்' என்று ஒரு சொல் கிடையாது, பிழை என்று உடனே தெரியும்.

இயல்கருவிக்கு என் வாக்கு உண்டு.

— சுன்னாகத்திலிருந்து

---

அண்ணை, சரி, தோயல். அந்த அம்மாவின் வினைச்சொல் தப்பிப் பிழைத்தால் எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை வரை வேறு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.