கணினியில் சரியாகத் தெரியும் தமிழ், தளத்தில் ஏற்றியதும் குழம்புவது ஏன்?

சுவடி:
வணக்கம். நான் எழுதிய எச்டிஎம்எல் பக்கத்தை என் கணினியிலிருந்தே உலாவியில் திறந்தால் தமிழ் பிழையின்றித் தெரிகிறது. அதே கோப்பை வழங்கியில் (சர்வரில்) ஏற்றி, இணைய முகவரி வழியாகத் திறந்தால், தலையில் சாய்கோடிட்ட ரோமன் 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வருகின்றன. உலாவியை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

நிழற்கோடு:
நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவிப் பாருங்கள். என் பழைய கணினியில் அப்படித்தான் சரியானது.

மெய்ப்பு:
எழுத்துரு இல்லையென்றால் வெற்றுக் கட்டங்கள்தாம் தெரியும். நண்பர் கண்டது அதுவாக இருக்கலாம். சுவடி சொல்வது குறியாக்கக் குழப்பம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில் வந்த குழப்பம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. உலாவி அதை விண்டோஸ்-1252 என்னும் பழைய ரோமன் குறியாக்கம் எனத் தவறாகக் கொண்டு, பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படிக்கும்போது, அந்த முதல் பைட்தான் சாய்கோடிட்ட 'ஏ' ஆகத் திரும்பத் திரும்ப வருகிறது.

கணினியில் உள்ள கோப்பு யூடிஎஃப்-8 தானா என்பதை உலாவி தானே சோதித்து அறிந்துகொள்கிறது. இணையத்திலிருந்து வரும் பக்கத்துக்கு அந்தச் சலுகை பொதுவாக இல்லை. ஆகவே குறியாக்கத்தைச் சொல்லும் 'மெட்டா சார்செட்' வரியைக் கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இடுங்கள்.

சுவடி:
அந்த வரி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது, ஐயா. 'ஹெட்' பகுதியின் முதல் வரியே அதுதான்.

மெய்ப்பு:
அப்படியானால் வழங்கியின் மீது ஐயம் எழுகிறது. பக்கத்துடன் வழங்கி அனுப்பும் தலைப்பில் (ஹெட்டரில்) வேறு குறியாக்கம் குறிக்கப்பட்டிருந்தால், உலாவி தலைப்பையே நம்பும். உங்கள் மெட்டா வரி எடுபடாது. எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் பக்கத்தை மீண்டும் ஏற்றி, 'கன்டென்ட் டைப்' என்ற வரியைப் பாருங்கள்.

சுவடி:
நீங்கள் சொன்னபடியே, அங்கே ஐஎஸ்ஓ-8859-1 என்னும் வேறு குறியாக்கம் இருந்தது. வழங்கி அமைப்பில் அதை யூடிஎஃப்-8 என மாற்றியதும் பக்கம் சரியாகிவிட்டது. மிக்க நன்றி. இன்னொன்று: நான் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கமொன்றில் 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. இதற்கும் தலைப்புத்தான் காரணமா?

மெய்ப்பு:
இல்லை. அது பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்டது. அங்கே கோப்பில் இருப்பவை உண்மையிலேயே ரோமன் எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியது எழுத்துரு மட்டுமே. நிழற்கோடு சொன்ன மருந்து ஏறத்தாழ இங்கேதான் பொருந்தும், ஆனால் நிறுவவேண்டியது பாமினியை. அப்போதும் கண்ணுக்குத் தமிழாகத் தெரியுமே தவிர, தேடினால் அகப்படாது. ஆகவே ஒருங்குறி (யூனிகோடு) மாற்றியில் இட்டு மாற்றிவிடுவதே நல்லது. மாற்றுமுன் பக்கத்தின் மூலநிரலில் எழுத்துருவின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் டிஸ்கி, டாப், டாம் என்னும் பழைய தமிழ்க் குறியாக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் எழுத்து வரிசை வேறு.