நள்ளிரவில் தொட்டியிலிருந்து ‘டக்’ ஒலி. நத்தைகளைக் கொல்வது இந்தப் புழுதானா?

உவர்நீர் (கேள்வி):

வணக்கம். சிங்கப்பூரில், அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், 75 லிட்டர் பவளத் தொட்டி ஒன்றை ஐந்து மாதங்களாக வைத்திருக்கிறேன். கடையில் ஈரம் காயாமல் வாங்கி வந்த 8 கிலோ உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை), ஒரு ஜோடி கோமாளி மீன்கள், காளான் பவளம், இரண்டு கொத்து சோவாந்திட் (பவளத்தின் உறவான, பூப்போல விரியும் கடலுயிர்), பாசி மேய ஆறு நத்தைகள். நான் அறிந்து உள்ளே விட்டவை இவ்வளவுதான். உப்படர்த்தி 1.025இல் இருக்கிறது, மேலே சிறு மின்விசிறி ஓடுவதால் வெப்பநிலையும் 27 டிகிரியைத் தாண்டுவதில்லை.

மூன்று வாரங்களாக, விளக்கு அணைந்த பிறகு ‘டக்’கென்று ஓர் ஒலி வருகிறது. கண்ணாடிதான் விரிசல் விடுகிறதோ என்று பயந்து, முதல் இரவு ஓரங்களையெல்லாம் துணியால் ஒற்றிப் பார்த்தேன், ஈரமே இல்லை. இதற்கிடையில் ஆறு நத்தைகள் மூன்றாகிவிட்டன. நேற்று இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்தபோது, செத்த நத்தை ஒன்றின் ஓட்டுக்குள், விரல் நீளத்தில், இருபுறமும் வெண்மயிர் அடர்ந்த இளஞ்சிவப்புப் புழு ஒன்று பாதி உடலை நுழைத்திருந்தது. கொலையாளி இதுவாகத்தான் இருக்க வேண்டும். பாறைகளை வெளியே எடுத்துக் கொதிநீரில் போட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்கிவிடலாமா?

கழிமுகம்:

கொதிநீர் யோசனையை இப்போதே கைவிடுங்கள். உங்கள் தொட்டியில் சோவாந்திட் இருக்கிறது. அதன் நெருங்கிய உறவான பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. 1971இல் ஹவாய்த் தீவுகளின் பாலித்தோவாவிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார்கள். கடையில் இவ்விரண்டையும் ஒரே பெயரில் விற்பதால், உங்களிடம் இருப்பது எது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது. பாறையைச் சுத்தம் செய்வதாக எண்ணிக் கொதிநீர் ஊற்றியவர்கள், எழுந்த ஆவியைச் சுவாசித்துக் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பாறையைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

பழைய தொட்டிக்காரன்:

புழுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் செத்த நத்தையின் ஓட்டைப் பாருங்கள். அது முழுதாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா? நீங்கள் வர்ணிக்கும் மயிர்ப்புழு பிணந்தின்னி; செத்ததையும் மீன் தின்னாமல் விட்ட தீனியையும் தேடி வருமே தவிர, நலமாயிருக்கும் நத்தையைக் கொல்வது அரிது. அதன் எண்ணிக்கை பெருகினால், நீங்கள் தீனி கூடுதலாகப் போடுகிறீர்கள் என்று பொருள். வெறுங்கையால் மட்டும் தொட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை தொட்டுவிட்டு, கண்ணுக்கே தெரியாத அந்த மயிர்களை ஒட்டு நாடாவை ஒட்டி ஒட்டி விரலிலிருந்து உரித்தெடுத்தேன். இரண்டு நாள் எரிச்சல் இருந்தது.

எல்லாப் புழுவும் சாது என்று சொல்லமாட்டேன். 2009இல் இங்கிலாந்தின் நியூகீ நகர மீன் காட்சியகத்தில், பவளங்கள் கடிபட்டும் மீன்கள் காயப்பட்டும் போகக் காரணம் புரியாமல் காட்சித்தொட்டியைப் பிரித்தபோது, பாறைக்குள்ளிருந்து ஏறத்தாழ நான்கடி நீளப் புழு வெளிவந்தது. அந்த வகையின் தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும். உங்கள் புழுவுக்கு அப்படி இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

ஆனால் புழு ‘டக்’கென்று ஒலி எழுப்பாது. ஓட்டின் பக்கவாட்டில் துளை விழுந்து, அருகில் சில்லுகள் சிதறியிருந்தால், பாறைக்குள் மாண்டிஸ் இறால் (இரையின் ஓட்டை அடித்து உடைக்கும் இறால் போன்ற உயிர்) இருக்கிறது என்று கொள்ளலாம். மயில் நிற மாண்டிஸ் இறால் ஒன்றின் அடி விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தை எட்டுவதை 2004இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். உங்களிடம் இருப்பது கட்டைவிரல் அளவே இருந்தாலும் நத்தை ஓடு அதற்கு ஒரு பொருட்டல்ல.

அலைவாய்:

ஒலி எழுப்பும் இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். பிஸ்டல் இறாலின் ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்குப் பொருந்தாத அளவு பெரியது. அது மூடும் விசையில் பீறிடும் நீரில் ஒரு குமிழி தோன்றி நொறுங்குகிறது. கொடுக்கின் இரு விரல்களும் மோதுவதால் ஒலி வருகிறது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். குமிழி நொறுங்குவதுதான் அந்த ஒலி என்பதை 2000இல் நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் காட்டினார்கள். பிஸ்டல் இறாலால் பெரும்பாலும் தொல்லையில்லை. சில வகைகள், பொருத்தமான கோபி மீன் ஒன்றை விட்டால், அதோடு ஒரே வளையில் கூட்டுக்குடித்தனம் நடத்தும்.

மாண்டிஸ்தான் என்று தெரிந்தால், சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சை வைத்து எந்தப் பாறை என்று கண்டுபிடியுங்கள். அந்தப் பாறையை மட்டும் எடுத்துத் தொட்டி நீர் நிறைத்த வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, இனிப்பில்லாத சோடாவை ஊசிக்குழாயால் வளைக்குள் செலுத்துங்கள். கரியமில வாயு தாங்காமல் அதுவே வெளியே விழும். கொல்லவோ கடலில் விடவோ வேண்டாம். தனித் தொட்டியில் வைத்தால், பவளங்களைவிட அதையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உவர்நீர்:

அனைவருக்கும் நன்றி. ஓட்டைக் கழுவிப் பார்த்தேன். பக்கவாட்டில் பட்டாணி நுழையும் அளவுக்குத் துளை. இரண்டு இரவுகள் விழித்திருந்ததில், இடது மூலைப் பாறையின் வளைவாயில் தண்டு மேல் திரும்பும் இரு கண்கள் தென்பட்டன. சோடா உள்ளே போன அரை நிமிடத்தில், 4 செ.மீ. நீளத்தில் பாசிப் பச்சை நிற மாண்டிஸ் இறால் வாளியில் விழுந்து, பிளாஸ்டிக் சுவரைப் படபடவென்று அடித்தது. இப்போது பத்து லிட்டர்த் தொட்டியில், பிவிசி குழாய்த் துண்டுக்குள் குடியிருக்கிறது. சந்தையில் வாங்கும் சிப்பியை உடைத்துத் தின்கிறது. மயிர்ப்புழுவை விட்டுவிட்டேன். பத்து நாட்களாக மூன்று நத்தைகளும் நலம்.

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குப் பெரிய தொட்டியிலிருந்து மறுபடியும் ‘டக்’ ஒலி கேட்டது. அலைவாய் அவர்களே, இந்த அளவுத் தொட்டிக்கு எந்தக் கோபி பொருந்தும்?