மேட்டில் மூச்சு முட்டும் டூ ஸ்ட்ரோக் மொபெட்: போர் போடத்தான் வேண்டுமா?

கோபி பால்வண்டி:

வணக்கம். என்னிடம் இருப்பது 2011 மாடல் டூ ஸ்ட்ரோக் மொபெட், 70 சிசி. கோபிக்குப் பக்கத்துக் கிராமம். காலையிலும் சாயங்காலமும் இரண்டு பக்கமும் 20 லிட்டர் கேனைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் எடுத்து சொசைட்டியில் ஊற்றுவதுதான் இந்த வண்டியின் வேலை. வேறு எங்கும் போவதில்லை.

எல்.பி.பி. (கீழ்பவானி) வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. போன வருடம் வரைக்கும் இரண்டு கேனும் நிறைந்திருந்தாலும் முனகாமல் ஏறும். இப்போது பாதி மேட்டிலேயே அடங்கிவிடுகிறது. முழுசாக முறுக்கினால் இன்னும் மோசம். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் நகர்கிறது. சமதரையில் 35-க்கு மேல் முள் ஏறுவதில்லை. ஆனால் ஸ்டார்ட்டிங்கில் ஒரு குறையும் இல்லை, விடியற்காலைக் குளிரிலும் ஒரே கிக். நின்ற இடத்தில் சத்தமும் சீராகவே இருக்கிறது.

மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதினார், ஏர் ஃபில்டரைக் கழுவினார். கொஞ்சம் தேவலை போல இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. இப்போது போர் போட்டு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றணும் என்கிறார். 15 வருடம் முடிவதால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவு வேறு இருக்கிறது. வண்டியை விற்க அப்பா விடமாட்டார். சொசைட்டிக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் டெம்போ கிளம்பிவிடும், அப்புறம் அந்தப் பாலை என்ன செய்வது? போர் போடாமல் வேறு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

சேலத்து ரைடர்:

இத்தனை வருஷ வண்டிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிஸ்டன் தேய்ந்திருக்கும். கிட் மாற்றிவிடுங்கள், புது வண்டி மாதிரி ஓடும். இல்லையென்றால் ஃபோர் ஸ்ட்ரோக் மொபெட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஆயில் கலக்கும் தொல்லையும் இருக்காது.

கரூர் பழைய ஒர்க்‌ஷாப்:

தம்பி, அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்க விடாதீங்க. விடியற்காலைக் குளிரில் ஒரே கிக்கில் எழும் எஞ்சினுக்கு கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அழுத்தும் அழுத்தம்) செத்துப்போய்விட்டது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். சாவியை ஆஃப் செய்துவிட்டு கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரு இடத்தில் எதிர்த்து நின்று, அப்புறம் விடும். அந்த எதிர்ப்பு இருந்தால் பிஸ்டன், ரிங் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

அடுத்தது, மேட்டில் எஞ்சின் போடும் சத்தத்தைக் கவனியுங்கள். சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லையா? அப்படியானால் கிளச் நழுவுகிறது. இந்த வண்டிகளில் கிளச் தானாகப் பிடிக்கும் வகை, ஷூ தேய்ந்தால் அப்படித்தான் செய்யும். சத்தமே அடங்கி, தொண்டை அடைத்தது போல வருகிறதா? அப்படியென்றால் கிளச்சுக்கு இதில் சம்பந்தமில்லை. எஞ்சினுக்குள் போக வேண்டியது போகவில்லை, அல்லது வெளியே வர வேண்டியது வரவில்லை. முழுசாக முறுக்கினால் மோசம், விட்டால் தேவலை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு சைலன்சர் மேல்தான் சந்தேகம். ஆனாலும் முதலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் ஷூ உரசிக்கொண்டிருக்கும் வண்டிக்கு எஞ்சினைப் பிரித்துப் போட்ட புண்ணியவான்களை எனக்குத் தெரியும்.

சைலன்சர் ஏன் என்று சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக்கில் தனியாக வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை வெளியேறும் வாயான எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும். உள்ளே வரும் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவைதான் எரிந்த புகையைத் தள்ளி வெளியே அனுப்பும். போர்ட்டிலோ சைலன்சரின் உள்குழாயிலோ கரி கட்டியிருந்தால் புகை முழுசாகப் போகாது. பழைய புகை உட்கார்ந்திருக்கும் இடத்தில் புதுக் கலவை எப்படி நிறையும்? நின்ற இடத்தில் ஓடும்போது புகை குறைவு, அதனால் ஒன்றும் தெரியாது. இரண்டு கேனோடு மேட்டில் முறுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

உங்கள் ஓட்டமும் கரிக்கு ரொம்பத் தோதான ஓட்டம். வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிற வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடாவதே இல்லை. எரியாத ஆயில் உள்ளே படிந்து தார் மாதிரி ஆகிவிடும். சரி, லிட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே. என்ன ஆயில் என்பதையும் சொல்லுங்கள்.

சோதனை சுலபம். எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சரை எஞ்சினோடு சேர்க்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி ஒரு சின்ன இடைவெளி விடுங்கள். கேன் இல்லாமல் மேடு வரை ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் காதைப் பிளக்கும். அந்த இடைவெளி வழியாகச் சூடான புகை வரும், காலை ஒதுக்கி வையுங்கள். அதிலேயே பிக்கப் திரும்பி வந்துவிட்டால் கோளாறு அங்கேதான். இதை வைத்துக்கொண்டு தினமும் ஓட்டாதீர்கள், சோதனைக்கு மட்டும்தான்.

பொள்ளாச்சி தையல்கடை:

என்னிடமும் இதே மாதிரி வண்டிதான். எனக்கு வந்த பிரச்சினை கொஞ்சம் வேறு, இருந்தாலும் யாருக்காவது உதவும். கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், அப்புறம் பெட்ரோல் தீர்ந்தது போல இழுத்து நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கக் கூடாது என்று மூடி மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கி வைத்திருந்தார்கள் வீட்டில். மூடியில் காற்றுக்கென்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைபட்டால் டேங்குக்குள் காற்று போகாது, பெட்ரோல் கீழே இறங்காது. கவரை எடுத்ததும் சரியாகிவிட்டது. அண்ணா, உங்கள் வண்டி நின்றுவிடுவதாக நீங்கள் சொல்லவில்லை, அதனால் இது உங்களுக்குப் பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். மூடியைத் திறந்து பார்க்கக் காசு ஆகாதே, பார்த்துவிடுங்கள்.

கோவை டிப்ளமா:

பெட்ரோலையும் கவனிக்க வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே பழைய இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும், கார்ப்பரேட்டருக்கு அந்த வித்தை தெரியாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்காக நின்றால் டேங்க்கை முழுக்க வடிக்க வேண்டியதுதான். பழைய ரப்பர் டியூப் ஊறிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரூர் பழைய ஒர்க்‌ஷாப்:

கோவைத் தம்பி சொல்வது சரியான விஷயம், ஆனால் 3, 4 சதவீதக் குறைவுக்கு வண்டி பாதி மேட்டில் அடங்கிவிடாது. தினமும் ஓடி தினமும் பெட்ரோல் போடுகிற வண்டியில் தண்ணீர் பிரிந்து தங்க நேரமும் இல்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியானால் நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். இப்போது எல்லாருக்கும் எத்தனால் மேல் பழி போடுவது வசதியாகிவிட்டது.

கோபி பால்வண்டி:

எல்லாருக்கும் நன்றி. மூடி ஓட்டை சுத்தமாக இருக்கிறது. கண்ணாடி பாட்டிலில் தனி அடுக்கு எதுவும் இல்லை. கிக்கர் நன்றாக எதிர்க்கிறது. பின் சக்கரமும் லேசாகச் சுற்றுகிறது.

சைலன்சர் நட்டைத் தளர்த்திவிட்டு ஓட்டினேன். ஊர் நாய்கள் எல்லாம் பின்னாலேயே வந்தன. ஆனால் மேடு ஏறியது! கேன் இல்லை என்றாலும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, முழுசாக முறுக்கினாலும் அடங்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கறுப்பாக ஈரமாக இருக்கிறது.

ஆயில் விஷயம்: அப்பாதான் ஊற்றுவார். டூ ஸ்ட்ரோக்குக்கான டூடி (2T) ஆயில்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளவெல்லாம் கிடையாது, கண் அளவுதான். பாரம் இழுக்கிற வண்டிக்கு ஆயில் கூட வேண்டும் என்பார். ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் அளந்து பார்த்தேன், லிட்டருக்கு 50 மில்லிக்குப் பக்கம் வருகிறது. இனி எப்படிச் சுத்தம் செய்வது?

கரூர் பழைய ஒர்க்‌ஷாப்:

அப்படி வாங்க. இந்த எஞ்சினுக்கு லிட்டருக்கு 20 மில்லி போதும், பாரம் ஏற்றினாலும் அதேதான். அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள், பெரியவர் ஒத்துக்கொள்வார்: கார்ப்பரேட்டரின் ஜெட் ஓட்டை வழியாகப் போகும் அளவு மாறாது. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். ஆயில் கூட ஊற்றினால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்று நினைப்போம், கலவையோ லீனாகி (பெட்ரோல் குறைந்து) சூடுதான் ஏறும். கரி கூடுதல் பரிசு.

இப்போது வேலை. சைலன்சரை முழுசாக இறக்குங்கள். பின் முனையில் ஒரு சின்ன ஸ்க்ரூவோ போல்ட்டோ இருந்தால் கழற்றி, உள்குழாயை இடுக்கியால் திருகித் திருகி இழுங்கள். வராவிட்டால் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். வந்ததும், வீட்டுக்கு வெளியே தேங்காய் மட்டை நெருப்பில் போட்டுச் சுட்டெடுங்கள். கரி சாம்பலாகி உதிரும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் ஓட்டைகள் திறந்துவிடும். புகை நாறும், காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பவர்களும் உண்டு. அது கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. தண்ணீரில்தான் சோடாவைப் போடணும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. எஞ்சின் ஹெட் போன்ற அலுமினியப் பாகத்தில் சோடா பட்டால் அரித்துத் தின்றுவிடும். எனக்கு நெருப்பே போதும்.

அடுத்து எக்ஸாஸ்ட் போர்ட். சைலன்சர் இல்லாத நிலையில் டார்ச் அடித்துப் பாருங்கள், உங்கள் கதைப்படி பாதிக்குப் பாதி அடைந்திருக்கும். பிஸ்டன் போர்ட்டை மூடி நிற்கும்படி வைத்துக்கொண்டு மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கோடு விழும். சுரண்டியதைத் துடைத்தெடுத்துவிட்டு, சாவி ஆஃபில் வைத்தே கிக்கரை நாலைந்து முறை உதையுங்கள். மிச்சத் தூள் வெளியே வந்துவிடும். கேஸ்கெட் புதிது போடுங்கள், விலை அதிகமில்லை.

உள்குழாய் இல்லாமல் ஓட்டினால் இன்னும் பிக்கப் வரும் என்று யாராவது வந்து சொல்வார்கள். கேட்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு சைலன்சரும் எஞ்சினின் ஒரு பாகம்தான்.

கோபி பால்வண்டி:

செய்தாச்சு. உள்குழாய் பென்சில் நுழையும் அளவுகூட வழி இல்லாமல் அடைந்திருந்தது. இரண்டு கேனோடு மேடு ஏறுகிறது, சமதரையில் 50 தொடுகிறது. போர் போடும் பேச்சு முடிந்தது. ஆயில் இனி பாக்கெட் கணக்கில்தான், அப்பா முழுசாகச் சம்மதிக்கவில்லை, முணுமுணுக்கிறார். ஒரே ஒரு சந்தேகம்: இப்போது நிற்கும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது, முறுக்கிவிட்டு விட்டால் உடனே அடங்குவதில்லை.

கரூர் பழைய ஒர்க்‌ஷாப்:

புகை தாராளமாகப் போகிறது, ஆயிலும் குறைந்துவிட்டது, அதனால் பழைய டியூனிங் இனி ஒத்துவராது. எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு கார்ப்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுசாக மூடி, ஒன்றரைச் சுற்று திறவுங்கள். அங்கிருந்து அப்படி இப்படித் திருப்பி எங்கே சத்தம் அதிகமாகவும் சீராகவும் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு நின்ற இடத்தில் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவால் சத்தத்தைக் குறையுங்கள்.

அதற்கப்புறம் இரண்டு கேனோடு மேடு ஏறி, உச்சியில் அப்படியே சாவியை ஆஃப் செய்து பிளக்கைப் பாருங்கள். சூடாக இருக்கும், துணி வைத்துப் பிடியுங்கள். நின்று ஓடவிட்டுப் பார்த்தால் அந்த நிறம் எதற்கும் உதவாது. காப்பிப்பொடி நிறம் வந்தால் நல்லது. வெளுத்திருந்தால் கார்ப்பரேட்டர் ஊசியில் இருக்கும் கிளிப்பை ஒரு படி கீழே இறக்குங்கள், பெட்ரோல் கொஞ்சம் கூடும். வெளுத்த பிளக்கோடு பாரம் இழுத்தால் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடித்துவிடும், அப்புறம் நிஜமாகவே போர் போட வேண்டிவரும். சைலன்சர் நட்டை ஒரு ஓட்டம் ஓடி எஞ்சின் ஆறியதும் இன்னொரு தரம் இறுக்கிவிடுங்கள்.