2020 இல் அம்மம்மா சம்பந்தன் ஐயாவுக்கு மட்டும் இலக்கம் போட்டது சரியா?

சம்பூர்ப் பேத்தி:

அம்மம்மா இப்போது இல்லை. 2020 இலங்கை நாடாளுமன்றத் தேர்தலன்று அவரோடு போட்ட சண்டை இன்னும் மனதில் கிடக்கிறது, அதனால் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 5. கொரோனாக் காலம், பேனாவையும் நாமே கொண்டு போனோம். எனக்கு அதுதான் முதல் வாக்கு. அம்மம்மாவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி, அப்புறம் விருப்பு வாக்காக, மூத்த தலைவர் சம்பந்தன் ஐயாவின் இலக்கம். "ஐயாவுக்கு 87 வயது. இன்னும் ஐந்து வருடம் எப்படி ஓடித் திரிவார்?" என்றேன். "உனக்குக் கிளிவெட்டி மறந்துபோச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மறக்கவில்லை. 2006 இல் போரால் திருகோணமலை மாவட்டத்து எங்கள் ஊர் சம்பூரை விட்டு ஓடும்போது எனக்கு ஐந்து வயது. கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில்தான் வளர்ந்தேன். எங்கள் காணிகளை அனல்மின் நிலையத்துக்கு, தொழில் வலயத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தார்கள். 2015 இல் 818 ஏக்கர் விடுபட்டுத் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் கிணற்றுக்கட்டு மட்டும்தான் மிச்சம். அம்மம்மா அதில் குந்தியிருந்து அழுதார். அந்த வருடம்தான் ஐயா எதிர்க்கட்சித் தலைவரானார். அவர்தான் காணியை எடுத்துத் தந்தவர் என்று அம்மம்மா கடைசிவரை சொல்லுவார்.

எனக்கோ இளம் ஆள் ஒருவர் வர வேண்டும் என்றிருந்தது. கோபத்தில் வீட்டுக்குப் புள்ளடி மட்டும் போட்டு, இலக்கம் ஒன்றும் போடாமல் வந்துவிட்டேன். நன்றிக்காக ஒருவரைத் திரும்பவும் அனுப்புவது சரியா? நான் வாதாடியது தவறா?

மூதூர்க்காரன்:

தங்கச்சி, வாக்கெண்ணும் கடமையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சண்டை பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு, அந்தக் கட்சி வேட்பாளர்களில் மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்கு போடலாம். நம் மாவட்டத்தில் 4 ஆசனம், ஒரு கட்சிக்கு 7 வேட்பாளர். அம்மம்மா ஐயாவுக்கு ஒன்று போட்ட பிறகும் இரண்டு மிச்சம் இருந்தது. நீங்கள் மூன்றையும் விட்டுவிட்டீர்கள். இளம் ஆளை விரும்பியவர் அந்த இடத்தில்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் இருவரின் புள்ளடியும் வீண் போகவில்லை. அந்தத் தேர்தலில் ஐக்கிய மக்கள் சக்திக்கு 86,394, பொதுஜன பெரமுனவுக்கு 68,681, தமிழரசுக்கு 39,570. முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி மூன்றையும் பங்கிட்டால் ஒரு ஆசனத்துக்கு ஏறக்குறைய 64,900 வாக்கு வேண்டும். தமிழரசு அதைத் தொடவில்லை, எஞ்சிய வாக்கு கூடுதலாக இருந்ததால்தான் கடைசி ஆசனம் கிடைத்தது. திருகோணமலையில் அந்த ஒரு கதிரை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று உங்கள் அம்மம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

உவர்மலை:

பிள்ளை, நான் 1977 இல் வாக்களித்தவன். அப்போது தொகுதி முறை, இலக்கமெல்லாம் இல்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்துக்குப் போட்டுச் சம்பந்தன் ஐயாவை முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பினோம். 1983 இல் தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் கேட்ட சத்தியத்தைச் செய்ய மாட்டோம் என்று ஆசனத்தை இழந்தவர்களில் அவரும் ஒருவர். எங்கள் வயதுக்காரர் அதை மறக்கமாட்டோம். 2001 முதல் 2020 வரை ஐந்து பொதுத் தேர்தலிலும் வென்றார்.

ஆனாலும் நீ கேட்டது நியாயமான கேள்வி. 2020 இல் நானும் அவருக்குப் போட்டேன், ஆனால் பக்கத்தில் இன்னொருவரை வளர்த்துவிடுங்கள் என்று யாரும் உரத்துச் சொல்லவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு. காணி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா பேசினார், உண்மை. ஒன்பது வருடம் முகாமில் இருந்துகொண்டு வேறு இடம் வேண்டாம் என்று நின்றவர்கள் உன் அம்மம்மா போன்றவர்கள். அந்த நன்றி அவர்களுக்கும் சேர வேண்டும்.

சம்பூர்ப் பேத்தி:

ஐயா, அந்தக் கடைசி வரியை அம்மம்மாவிடம் யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று இலக்கம் போடலாம் என்பது எனக்கு அன்று உண்மையிலேயே தெரியாது. 2024 ஜூன் 30 இல் சம்பந்தன் ஐயா காலமானார், நவம்பரில் அவர் பெயர் இல்லாத பட்டியல் வந்தது. வீட்டுக்குப் புள்ளடி போட்டேன். பிறகு ஏழு பெயரையும் அம்மாவோடு இருந்து முதல் நாள் இரவே வாசித்து எடுத்து வைத்த மூன்று இலக்கத்தையும் போட்டேன். அந்த முறையும் ஒரு ஆசனம் கிடைத்தது.