கால்சட்டை யாருக்கு? 1533ஆம் ஆண்டின் ஒரு மரச்செதுக்குப் படம்

மரக்கட்டை:
ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் எர்ஹார்ட் ஷோன் என்ற கலைஞர் செய்த ஒற்றைத்தாள் படம் இது. வண்டியில் துணி துவைக்கும் தொட்டி. மாட்டுக்குப் பதில் கணவனைப் பூட்டியிருக்கிறார்கள். பின்னால் மனைவி. ஒரு கையில் சாட்டை, மறு கையில் அவனுடைய கால்சட்டை, பணப்பை, வாள். அந்த ஊரில் 'கால்சட்டை யாருடையது' என்பது, வீட்டில் யார் ஆட்சி என்று கேட்கும் நம் 'மதுரையா சிதம்பரமா' போலத்தான். இதைப் பெண்வெறுப்புப் படம் என்பார்கள் சிலர். சிரித்துவிட்டுப் போக வேண்டிய படத்தில் பெண்வெறுப்பைத் தேடுவது வேலையற்ற வேலை.

கதிர்முனை:
அவனுக்குக் கிடைத்த தண்டனை என்ன? துணி துவைப்பது. ஊர்ப் பெண்கள் அன்றாடம் செய்த வேலை ஆண் தலையில் விழுந்தால் மானக்கேடு. சிரிப்பே அங்கேதான் பிறக்கிறது. இஸ்ரஹேல் வான் மெக்கெனெம் என்ற இன்னொரு ஜெர்மன் கலைஞரின் செப்புத்தகட்டுப் படத்திலும் மனைவி கணவனை அடிக்க ஓங்குவது நூற்புக்கோலைத்தான், அதாவது அவளுடைய வேலைக் கருவியை. தலைக்கு மேல் ஒரு பிசாசு பறக்கிறது. பிசாசின் மேல் பழியைப் போட்டுவிட்டால், அவள் ஏன் கோபப்பட்டாள் என்று யாரும் கேட்க வேண்டாம் அல்லவா?

மரக்கட்டை:
அதே மெக்கெனெம்தான் தன்னையும் மனைவி ஈடாவையும் ஒரே தகட்டில் அருகருகே செதுக்கினார். மறந்துவிட வேண்டாம். ஷோன் படத்தில் கேலிக்கு ஆளாவதும் கணவன்தான்.

கதிர்முனை:
அடக்கத் தெரியாதவன் என்பதற்காக! படத்தின் தலைப்பைப் படித்தீர்களா? மானம் பேணும் பணிவான மனைவியைவிட உலகில் பெரிய செல்வம் இல்லையாம். (மனைவியை வரைந்தவரெல்லாம் உத்தமர் என்றால் உலகில் வில்லனே இருக்க மாட்டான்.)

மைப்பொதி:
இருவரும் படத்துக்குள்ளேயே மல்லுக்கு நிற்கிறீர்கள். அச்சுக்கூடத்துப் பக்கம் வாருங்கள். ஷோனின் அதே நியூரம்பெர்கில், அதே காலத்தில், ஓர் அச்சகத்தை நடத்தியவர் குனிகுண்டே ஹெர்கோட். கலகத் துண்டுநூல் விற்றதற்காக 1527இல் லைப்சிக்கில் கணவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். தொழில் இவர் கையில் தொடர்ந்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப்பின் பெரிய அச்சுப்படக் கடையான 'நான்கு காற்றுகள்' கதையும் அப்படித்தான். அதன் உரிமையாளர் ஹியரோனிமஸ் கோக் 1570இல் இறந்தபின், மனைவி ஃபோல்க்ஸ்கென் டிரிக்ஸ் 1600 வரை அதை நடத்தினார்.

மரக்கட்டை:
அப்படியானால் பெண்களே அச்சடித்தார்கள், விற்றார்கள். என் கட்சி வென்றது.

கதிர்முனை:
விற்றவர் ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவாரா? நீங்கள் சொல்லும் இருவருமே கைம்பெண்கள். கணவன் கண்மூடினால்தான் அவள் பெயர் வெளியே வருகிறது.

மைப்பொதி:
அது முழு உண்மை இல்லை. வ்ரெடெமன் டி வ்ரீஸ் என்ற ஓவியர் வரைந்து 1560இல் கோக் கடையே வெளியிட்ட தெருக் காட்சி ஒன்றில் அந்தக் கடையும் இருக்கிறது. கோக் உயிரோடு வாசலில் நிற்கிறார். உள்ளே விற்பனை மேசைக்குப் பின்னால் ஃபோல்க்ஸ்கென். உற்றுப் பாருங்கள், சாட்டையும் இல்லை, பிசாசும் இல்லை.