வினிகரில் ஊறவைத்த உளி மறுபடியும் துருப்பிடிக்கிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். பரணில் பல வருடம் கிடந்த உளிகள், ஒரு இழைப்புளி அலகு, ஒரு பிளையர், எல்லாவற்றிலும் துரு ஏறியிருக்கிறது. உளிகளையும் அலகையும் ராத்திரி முழுக்க வெள்ளை வினிகரில் போட்டு வைத்தேன். காலையில் கம்பி பிரஷால் தேய்த்ததும் துரு நன்றாகவே கழன்றது. கழுவி நிழலில் காயவைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே மேலே ஆரஞ்சு நிறம் படர்ந்துவிட்டது. அதோடு இரும்பு சாம்பல் கறுப்பாகி, தொட்டால் கையில் மை போல ஒட்டுகிறது. இரும்பே கெட்டுவிட்டதா? இன்னொரு தடவை ஊறவைக்கலாமா? பிளையர் இறுகிப்போய்த் திறக்கவே மாட்டேன் என்கிறது, அதை இன்னும் ஊறவைக்கவில்லை.

பதில்:
கெடவில்லை, பயப்படாதீர்கள். மறுபடி ஊறவைக்கவும் வேண்டாம். துரு போன இரும்புக்கு மேல் எந்தக் காப்பும் இல்லை. ஈரம் தங்கினால் நிமிடக்கணக்கில் புதுத்துரு வந்துவிடும். குழிகளில் அமிலம் மிச்சமிருந்தால் இன்னும் வேகம். கறுப்பாக ஒட்டுவது பெரும்பாலும் எஃகில் உள்ள கரி. அமிலம் இரும்பைக் கரைக்கும்போது அது மேலே தங்கிவிடுகிறது, தேய்த்தால் போய்விடும்.

இப்போதைக்கு எண்ணெய் தொட்டு 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், போதும். அடுத்த தடவை வினிகரிலிருந்து எடுத்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து அதில் அலசுங்கள். பிறகு நல்ல தண்ணீர், உடனே உலர்ந்த துணி, அப்புறம் ஹேர் டிரையர். சூடு இருக்கும்போதே எண்ணெய் பூசுங்கள். இடையில் வேறு வேலைக்குப் போகாதீர்கள். அடுப்புத் தீயில் நேராகக் காட்டிக் காயவைக்கவும் கூடாது, உளி வாயின் பதம், அதாவது கூர் நிற்க வைக்கும் கடினம், போய்விடும்.

இன்னொருவர்:
நான் சிட்ரிக் ஆசிட்தான் சொல்வேன். லிட்டருக்கு 50 கிராம் போதும், வினிகர் நாற்றமும் இல்லை. அமிலம் எதுவானாலும் துருவோடு நிற்காது, நல்ல இரும்பையும் அரிக்கும். அதனால் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். மரப்பிடி திரவத்தில் படவே கூடாது.

பிளையரில் குரோம் முலாம் இருந்தால் அமிலத்தில் போடாதீர்கள், முலாம் உரியும். அது இறுகியிருப்பது இரண்டு கைகளும் சேரும் நடு ஆணியில். அங்கே மண்ணெண்ணெயோ துரு இளக்கும் ஸ்பிரேயோ விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டித் திறக்கலாம். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

மற்றொருவர்:
கழிப்பறை ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் முடியுமே?

இன்னொருவர்:
தயவுசெய்து வேண்டாம். அதன் ஆவி பக்கத்தில் இருக்கிற மற்ற கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும். தவறிப்போய் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. துரு ரொம்ப ஆழமாக இருந்தால் சலவை சோடா கரைத்த தண்ணீரில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் வைத்து மின்சாரத்தால் எடுக்கலாம். கருவிக்கு நெகட்டிவ், கழிவு இரும்புத் துண்டுக்குப் பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் கருவிதான் கரையும். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். உங்கள் உளிகளுக்கு இவ்வளவு தேவைப்படாது.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. எண்ணெய் தொட்டுத் தேய்த்ததில் கறுப்பு போய்விட்டது, பிளையரும் அசைய ஆரம்பித்துவிட்டது. சமையல் எண்ணெய் பூசி வைக்கலாமா? இழைப்புளி அலகின் பின்பக்கம் வாய்க்கு அருகே சின்னக் குழிகள் தெரிகின்றன, அதை விட்டுவிடலாமா?

பதில்:
சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். குழி விஷயம், மேலே தள்ளி இருந்தால் அப்படியே விடலாம். வாயைத் தொட்டுக்கொண்டு இருந்தால் விடக்கூடாது. எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் வாய் பல் விழுந்த மாதிரி நிற்கும், மரத்தில் கோடு விழும். சமமான கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி, பின்பக்கத்தைப் படிய வைத்துத் தேயுங்கள். முழுப் பக்கமும் பளபளக்க வேண்டியதில்லை, வாயை ஒட்டி ஒரு விரல் அகலம் சுத்தமானால் போதும். குழி ரொம்ப ஆழமென்றால் வாயையே கொஞ்சம் பின்னுக்குத் தேய்த்துவிட்டுப் புதிதாகத் தீட்டுவதுதான் வழி.