ஆக்ரா கோட்டை முசம்மன் புர்ஜ்: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

டிசம்பரில் அம்மாவோடு ஆக்ரா போகிறேன். தாஜ்மகால் எப்படியும் பார்த்துவிடுவோம்; என் ஆசையெல்லாம் கோட்டைக்குள் யமுனைப் பக்கம் இருக்கும் முசம்மன் புர்ஜ் மேல்தான். எண்கோணச் சலவைக்கல் மண்டபம், தூண்களில் வண்ணக்கல் பதித்த பூக்கள், தரையில் குழித்துச் செதுக்கிய நீரூற்றுத் தொட்டி. 1658 முதல் 1666-இல் இறக்கும்வரை கோட்டையில் சிறையிருந்த ஷாஜகான் தாஜைப் பார்த்துக்கொண்டிருந்தது இங்கிருந்துதான் என்பார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்போது மண்டபத்துக்குள் விடுகிறார்களா, தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டுமா? அமர்சிங் வாசலைத் தாண்டி ஏறும் சரிவுப் பாதையை அம்மாவின் முழங்கால் தாங்குமா? சக்கர நாற்காலி கிடைக்குமா? காலைப் பனிமூட்டத்தில் தாஜ் தெரியாதாம். மதியத்துக்கு மேல் போகலாமா? தாஜுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் கோட்டையை அன்றைக்கு வைத்திருக்கிறேன். ஊரே அப்படித்தான் திட்டம் போடுமோ?